கரை தெரியாமல் ஒரு படம்

கெவினுக்கு வலை இழுக்கத் தெரியும், தூண்டில் போடத் தெரியும். ஆனால் கை சும்மா இருக்கும்போதெல்லாம் அது போவது கேமராவுக்குத்தான். பிளஸ் டூ முடித்து ஆறு வருடம் ஆகிறது. திசையன்விளைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் அவனுக்கு. தாய்மாமன் சிலுவையின் ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போவான். வண்ணார்பேட்டையில் வாங்கிய பழைய கேமராவை இரண்டு பாலித்தீன் பைக்குள் சுற்றிக் கூடவே கொண்டுபோவான். கரையில் நின்று கடலைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கடலில் இருந்து எடுக்க அந்த ஊரில் அவன் ஒருவன்தான். இன்ஸ்டாகிராமில் அவனை நாலாயிரம் பேர் பின்தொடர்ந்ததற்கு அதுதான் காரணம்.

படம் எடுக்க அவன் எந்த வகுப்புக்கும் போகவில்லை. படத்தைப் போடுவான், திட்டு வாங்குவான், மறுநாள் திருத்திக்கொள்வான். பாளையங்கோட்டையில் கல்யாணப் படம் எடுக்கும் மதார் என்று ஒருவன், நேரில் பார்த்திராத சிநேகிதன், ஒரு படத்தையும் சும்மா விடமாட்டான். "கடலு ஒரு பக்கமா வழிஞ்சு ஓடுது வே, கேமராவ நேராப் பிடியும்" என்று எழுதுவான். கெவின் நேராகப் பிடிக்கக் கற்றது அப்படித்தான்.

சிலுவை மாமாவுக்கு இதில் ஒரே ஒரு நிபந்தனை. "எங்கன மீன் பிடிக்கோம்னு எவனுக்கும் தெரியக் கூடாதுலே."

கடலுக்கடியில் பாறை இருக்கும் இடத்தைப் பார் என்பார்கள். கலவாவும் விளமீனும் அங்கேதான் கூடும். மாமா தேடிப் பிடித்து வைத்திருந்த பார் ஒன்று, அவருக்கும் கெவினுக்கும் மட்டும்தான் தெரியும். கெவினும் கவனமாகத்தான் இருந்தான். எந்தப் படத்துக்கும் இடத்தின் பெயர் போடமாட்டான். போனில் லொக்கேஷனை அணைத்துவிட்டுத்தான் படகில் ஏறுவான்.

ஒரு சனிக்கிழமை காலை பாரின் மேல் நங்கூரம் போட்டு நின்றார்கள். வெயில் கரை முழுவதும் மஞ்சளாக விழுந்தது. மாதா கோவில் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒரு காற்றாலை. செல்போன் டவரின் உச்சியில் தொப்பி வைத்ததுபோல் மேற்கு மலையின் முனை. கெவின் எடுத்தான். மத்தியானமே போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்தால் ஊரே போனும் கையுமாக இருக்கும். சாயங்காலத்துக்குள் படத்துக்குப் பதினோராயிரம் லைக். பக்கத்துப் படகுக்காரர் டெனிஸ்கூட நாலு இதயம் போட்டு, "அருமை தம்பி. இது மாதிரி இன்னும் போடு" என்று எழுதியிருந்தார். சந்தோஷத்தில் கெவினுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை விடியும்போது பாரின் மேல் ஏழு படகுகள் நின்றன.

"போட்டோ ரொம்பத் தெளிவா இருந்துச்சுலே கெவினு!" என்று டெனிஸ் கையை ஆட்டினார்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜிபிஎஸ் வந்த பிறகும், கடலில் இடம் பிடிக்க மீனவன் கரையைத்தான் பார்க்கிறான். கோபுரத்துக்குப் பின்னால் காற்றாலை, டவருக்குப் பின்னால் மலை. இரண்டும் ஒரே சமயம் நேராக வருகிற இடம் கடலில் ஒன்றே ஒன்றுதான். லொக்கேஷனை அணைத்த பிள்ளை, லொக்கேஷனையே படம் பிடித்துப் போட்டிருந்தான்.

மாமா சத்தம் போடவில்லை. கரைக்கு வந்ததும், "நாளைக்கு நீ வரண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

கெவின் படத்தை அழித்தான். எட்டு நாள் கரையிலேயே கிடந்தான். காய்கிற வலையை எடுத்தான், ஐஸ் பெட்டிமேல் தூங்கிய பூனையை எடுத்தான். "என்ன வே, பூனைக் கடை தொறந்துட்டீரா?" என்று மதார் கேட்டான். படகு இல்லையென்றால் தானும் அந்த ஆயிரம் பேரில் ஒருவன்தான் என்று கெவினுக்குப் புரிந்தது.

ஒன்பதாம் நாள் மாமா வீட்டுக்குப் போனான்.

"மாமா, இனி நீங்க பாத்துச் சரின்னு சொல்லாம ஒரு படமும் போடமாட்டேன்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த கிரேஸி அத்தைதான் மாமாவிடம் சொன்னாள். "பார் போனது போயாச்சு. புதுசு தேட ஒரு ஆள் வேணும்லா? கூட்டிட்டுத்தான் போங்களேன்."

மறுநாளிலிருந்து மீன் விற்று முடித்ததும் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"இதுல டவரு நிக்குது. அழி. இந்த மூலையில வெள்ளையா என்னலே?"

"மேகம் மாமா."

"மேகம் இருக்கட்டும். இத அழி, எனக்கு வயிறு தெரியுது."

"அதுல கரையே இல்லையே மாமா!"

"வயிறு இருக்குல்லா?"

கரையை வெட்டியதும் படத்தில் மிச்சம் இருந்தது ஆளும் தண்ணீரும்தான். அதனால் கெவின் கிட்டே போய் எடுக்கப் பழகினான். உப்பு காய்ந்த புருவம், தூண்டில் நரம்பு அறுத்த விரல், மீன் கடிக்கிறதா என்று காத்திருக்கும் மாமாவின் பாதி மூடிய கண். அந்தக் கண்ணைப் போட்ட அன்று மதார் முதன்முறையாகத் திட்டாமல் எழுதினான். "யாரு வே இந்த மனுசன்? பாத்துக்கிட்டே இருக்கலாம் போல." பின்தொடர்கிறவர்கள் ஒன்பதாயிரம் ஆனார்கள். "இன்னைக்கு எத்தன பேருலே என்னப் பாத்தான்?" என்று மாமாவே கேட்க ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் அலைந்து தெற்கே புதிதாக ஒரு பார் பிடித்தார்கள். முதல் தூண்டிலிலேயே கைக்குழந்தை கனத்தில் ஒரு கலவா. கெவின் கேமராவைத் தூக்கினான். மாமா பைய திரும்பிக் கரையைப் பார்த்தார். ஒரு பனங்கூட்டம், அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டி.

"கொஞ்சம் பொறுலே" என்று சொல்லி, மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பனைகளை மறைத்தார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மாமா. தொட்டி தெரியுது."

மாமா நகர்ந்தார். படகும் கூடவே சாய்ந்தது.

"இப்ப?"

"இப்ப ஒண்ணும் தெரியல. மீனும் நீங்களும்தான்."

"அப்பம் சீக்கிரம் எடுலே. கை வலிக்குது."