ஆறரை சைஸ்

லாங் பஜாரில் புளி வாங்கினாலும் இவாஞ்சலின் உருண்டையைப் பிட்டுக் கொட்டை தேடுவாள். கடைக்காரர் முகம் சுளித்தால் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகும். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலைக்கு இப்படி ஒருத்தி கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்தான்.

2001-இல் வெளிநாட்டுக்குப் போன பெட்டிகள் திரும்பி வந்தன. மேலே ஏழு என்று லேபிள், உள்ளே ஆறரை சைஸ் ஷூ. லேபிள் ஒட்டுகிறவள் சுகரா பேகம். வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு வேலையில் கவனம் எப்படி இருக்கும்? இவாஞ்சலின் அதையே மேனேஜர் ஜெயப்பிரகாஷுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமையோடு சுகராவை நிறுத்துவதென்று முடிவானது.

"மூடின பெட்டி வருது, மிசின் குடுக்குற லேபிளை ஒட்டுறேன். நான் இன்னா பண்ணேன்னு எழுதிக் குடுத்தீங்க மேடம்?" என்று சுகரா அழுதாள். அந்த அழுகையையும் இவாஞ்சலின் நம்பவில்லை. அழத் தெரியாதவர் யார்?

ஆனால் திரும்பி வந்த பெட்டிகளின் பட்டியலில் ஒன்று உறுத்தியது. ஆறரை ஏழாகியிருந்தது, ஏழரை எட்டாகியிருந்தது. முழு சைஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. கை தவறினால் கீழேயும் தவறுமே, இதென்ன எப்போதும் மேலேயே?

கம்ப்யூட்டர் அட்டவணைகளின் அமைப்புத் தாள்களைத் தேடி எடுத்தாள். ஆர்டர் அட்டவணையில் சைஸ் பத்திக்குத் தசம எண். பாக்கிங் அட்டவணையில் அதே பத்திக்கு முழு எண். அரைக்கு இடமில்லாததால் கம்ப்யூட்டரே ஆறரையை ஏழாக்கியிருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுச் 'சரி' என்று போட்ட கையெழுத்து அவளுடையது. பத்திகளின் பெயரை ஒவ்வொன்றாகப் பார்த்தவள், உள்ளே எந்த வகை எண் என்று பார்க்கவே இல்லை. ஊரையே சந்தேகப்பட்டவளுக்குத் தன்மேல் மட்டும் சந்தேகம் வந்ததில்லை.

தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடமாகப் போய்விடும், யாருக்குத் தெரியப்போகிறது?

மனசு கேட்கவில்லை. நடந்ததை எழுதி, அந்தத் தாளோடு சேர்த்து மேனேஜர் மேசையில் வைத்தாள். "சுகரா மேல தப்பில்ல சார். இங்க சரின்னு போட்டது நான்தான்."

அவர் திட்டித் தீர்த்தார். பிறகு சுகராவின் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததை அடித்தார்.

இவாஞ்சலின் நேரே பாக்கிங் பிரிவுக்குப் போனாள். "நீ வேலையில இருக்கலாம் சுகரா. மேனேஜர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்."

சுகரா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் மகிழ்ச்சியே இல்லை.

"இந்தவாட்டி இன்னா எழுதிக் குடுத்தீங்க மேடம்?"