தாங்கியின் சாவி

குளிர்பானப் போத்தல் ஒன்றின் அடியை வெட்டி, தலைகீழாகப் பிடித்து, உள்ளே சிவப்பரிசியை நிரப்பி, மேலே ஒரு கராம்பை வைத்தாள் என் மனைவி. மூடியில் சின்னத் துளை. கொஞ்சம் அரிசி கொட்டியது, பிறகு நின்றுவிட்டது. மணிகள் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றன. கீழேயிருந்து ஈர்க்கால் ஒரு குத்துக் குத்தினாள். அரிசி சடசடவென இறங்க, நடுவில் குழி விழுந்து கராம்பு காணாமற்போனது.

"இந்தக் கராம்புதான் நீங்கள்" என்றாள்.

வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் விஞ்ஞான ரீச்சர். நான் வத்தளையில் கோழித்தீவன ஆலையொன்றில் மேற்பார்வையாளர். சோளத்தைக் கொட்டிவைக்கும் எங்கள் தாங்கி மூன்று மாடி உயரம். தண்ணீர் என்றால் அடிவாயைத் திறந்ததும் ஓடிவிடும். சோளம் அப்படியல்ல, தன் பாரத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அசையாமல் நிற்கும். அடியில் வெறுமையாகிவிட்டாலும் மேலே சமதரையாகத்தான் தெரியும். அந்தத் தரையில் இறங்கிக் கம்பியால் குத்துவதுதான் எங்கள் வழக்கம். இனி இறங்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஆனாலும் இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரியாததா என்ற திமிர் எங்கே போகும்!

இரண்டு கிழமை கழித்து இறங்கினேன். தரை உடைந்தது. நெஞ்சுவரை புதைந்துபோனேன். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் அந்த இடைவெளிக்குள் சோளம் புகுந்து இறுக்கியது. மூன்று பேர் கயிற்றை இழுத்தும் அசையவில்லை. கடைசியில் என்னைச் சுற்றிப் பலகை இறக்கி, வாளியால் சோளத்தை அள்ளித்தான் வெளியே எடுத்தார்கள். சப்பாத்து சோளத்துக்குள்ளேயே போய்விட, இரவல் செருப்போடு வீட்டுக்கு வந்தேன்.

"சப்பாத்து எங்கை?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உண்மைதான் வந்தது. அவள் ஏசவில்லை. என் காதிலிருந்த சோளத்தூசியைச் சீலைத் தலைப்பால் துடைத்தபடி, "நாளைக்கு நானும் வாறன்" என்றாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். மனேஜரிடம் பேசி, தாங்கியின் மேல்மூடிக்குப் பூட்டுப் போடவைத்தாள். சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "ஆரும் இறங்கவேணுமெண்டால் எனக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுங்கோ. ஏனெண்டு சொல்லுங்கோ, கொண்டுவந்து தாறன்."

ஆலை முழுக்கச் சிரித்தது, எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அதன் பிறகு சோளம் அடைத்தபோதெல்லாம், அவளுக்குக் கோல் எடுக்கப் பயந்தே, வெளியில் நின்றபடி அடியிலிருந்து குத்திவிட வழி கண்டுபிடித்தோம். ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட உள்ளே இறங்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற அன்று சாவியைக் கேட்டேன்.

"உங்கடை இடத்துக்கு வாறவர் கலியாணம் கட்டினவரோ?"

"ஓம்."

"அப்ப அவரின்ரை மனிசியிட்டைக் குடுங்கோ."

அப்படியே செய்தேன். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குக் கணவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

இந்த வருடம் என் மனைவி போய்விட்டாள். செத்தவீட்டில் யார் யாரோ வந்தார்கள், கைபிடித்தார்கள். எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டு கல்லாக நின்றேன். முன்பின் அறியாத ஒரு பெண் கிட்டே வந்து, தோளில் தொங்கிய பையைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆன்டிய நான் கண்டதே இல்ல, அங்கிள். சாவி என்னட்டத்தான் இருக்கு."

அவளுக்குப் பின்னால் அவள் கணவர், ஆலையில் என் இடத்துக்கு வந்தவர், நின்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.