‘தர முடியாது’ என்று எழுதித் தாருங்கள்

“உங்களுக்கு வீட்டு மேல யாரும் கடன் தர மாட்டாங்கன்னு எழுத்துல வேணும்மா. மூணு இடத்துலேர்ந்து” என்றார் வக்கீலம்மா.

கண்டோன்மெண்டில் முதல் மாடியில் அவருடைய ஆபீஸ். நானும் என் கணவரும் எதிரே உட்கார்ந்திருந்தோம். ஐந்து வருஷத்தில் அந்த நாற்காலிகளில் எது ஆடும், எது ஆடாது என்பது எங்களுக்கு அத்துப்படி. ஆடுவதில் என் கணவர் உட்காருவார்.

அங்கே போய்ச் சேர்ந்த கதை சுருக்கமானது. என் கணவர் தில்லைநகரில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கும் கடை வைத்திருந்தார். விற்பதில் சூரர். பாழும் கிணற்றுக்காரனிடம்கூட ஒரு மெஷின் விற்றுவிடுவார். வசூல்தான் வராது. மணப்பாறை, வையம்பட்டி வரைக்கும் தவணைக்குக் கொடுத்துவிட்டு, தவணை கேட்கப் போனால் முறுக்குப் பொட்டலத்தோடு திரும்பி வருவார். “பாவம், அவங்க வீட்ல மாடு செத்துப்போச்சு” என்பார். அந்த வருஷம் திருச்சி ஜில்லாவில் எத்தனை மாடு செத்தது என்று எனக்குத்தான் தெரியும். கடையை ஓட்ட மூன்று இடத்தில் கடன் வாங்கினார், பிறகு கடையே ஓடாமல் நின்றது.

வக்கீலம்மாதான் அந்த மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். ஐந்து வருஷம் மாதா மாதம் எங்களால் முடிந்ததைக் கட்ட வேண்டும், கட்டி முடித்தால் மீதி தள்ளுபடி. நான் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். என் கணவர் ஒரு பம்ப்செட் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினோம். முடியப் போகிற நேரத்தில்தான் அந்த ஏற்பாட்டுப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஷரத்தை வக்கீலம்மா எடுத்துப் படித்தார். முடிப்பதற்கு முன்னால் சொந்த வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்க முயற்சி செய்ய வேண்டும். கிடைத்தால் அதையும் கட்ட வேண்டும். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

“எங்க வீட்டு மேல எவன் குடுப்பான்?” என்றார் என் கணவர்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் என் மாமனார் வாங்கிய பழைய வீடு அது. கட்டடம் எங்களுடையது, அடிமனை கோயிலுடையது. அந்தப் பக்கம் பல வீடுகள் அப்படித்தான்.

“எனக்குத் தெரியும்ங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சிருக்கறது ஆதாரம் ஆகாது. முறையா கேட்டு, முறையா இல்லைன்னு வாங்கிட்டு வாங்க” என்றார் வக்கீலம்மா.

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த வங்கிக்குப் போனோம். மேனேஜர் ரிட்டயர் ஆகப்போகிற வயதுக்காரர். தெருப் பேரைச் சொன்னதுமே சிரித்துவிட்டார்.

“வீடு உங்களுது, மனை பெருமாளுது. நாளைக்கு நீங்க கட்டலைன்னா நான் எதை ஜப்தி பண்றது? பெருமாள் வந்து ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா?”

“ரொம்ப சந்தோஷம் சார்” என்றேன். “அதையே எழுதிக் குடுத்துருங்க.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “எழுத்துலயா? தர முடியாதுன்னு எழுதணும்னா, நீங்க முதல்ல கேக்கணுமே மேடம். விண்ணப்பமே இல்லாம நான் எதை நிராகரிக்கிறது?”

ஆக, ஒரு ‘இல்லை’ வாங்குவதற்கு, ‘உண்டு’ வாங்குவதற்கு எத்தனை காகிதம் வேண்டுமோ அத்தனையும் வேண்டியிருந்தது. தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, சம்பளச் சீட்டு, ஆளுக்கு மூன்று போட்டோ. வில்லங்கச் சான்றுக்காக ஒரு நாள் லீவு போட்டேன். படிவத்தில் ‘கடனின் நோக்கம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் என் கணவர் பேனாவோடு என்னைப் பார்த்தார்.

“என்னன்னு போட?”

“உள்ளதைப் போடுங்க.”

‘பழைய கடனை அடைக்க’ என்று குண்டு குண்டாக எழுதினார்.

இரண்டு வாரம் கழித்து லெட்டர் வந்தது. மனை உரிமை இல்லாததால் தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, வருந்துகிறோம். கீழே கையெழுத்து, ஊதா சீல். நாங்கள் இரண்டு பேரும் நேரில் போய் மேனேஜருக்கு நன்றி சொன்னோம். கடன் இல்லை என்றால் திட்டிவிட்டுப் போகிறவர்களையும் அழுதுவிட்டுப் போகிறவர்களையும் பார்த்தே பழகியவர் அவர். எங்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

இதற்குள் தெருவில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. சனிக்கிழமை தோறும் நான் நல்ல புடவை, அவர் தேய்த்த சட்டை, கையில் ஃபைல் என்று கிளம்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதிர் வீட்டு மாமி கோலமாவுக் கிண்ணத்தோடு வழி மறித்தாள்.

“என்ன, பொண்ணுக்கு வரன் பாக்க ஆரம்பிச்சுட்டேளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?”

எங்கள் பெண் சென்னையில் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். மாமியிடம் பொய் சொன்னால் நிற்காது. “இல்ல மாமி. பாங்க்ல கடன் கேட்டுட்டு வரோம்” என்றேன்.

மாமியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, “கெடைச்சுதோ?” என்றாள்.

“இல்ல மாமி. நல்லபடியா கிடைக்கல.”

“பெருமாள் விட்ட வழி” என்று சொல்லிவிட்டுக் கோலத்துக்குக் குனிந்தாள். அதற்குப் பிறகு வரன் பேச்சு வரவில்லை.

இரண்டாவது இடம் தில்லைநகரில் ஒரு தனியார் வங்கி. என் கணவர் கடை வைத்திருந்த அதே ரோடு. அதனாலோ என்னவோ, அன்று கூடுதலாகப் பவுடர் போட்டுக்கொண்டார். எங்களை உட்கார வைத்தவர் சின்ன வயது அதிகாரி. கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் ஒரு தண்ணீர் பாட்டில். அந்த பாட்டில்தான் வம்பு. “கேன் தண்ணியா சார்?” என்று ஆரம்பித்தார் என் கணவர். தண்ணீரின் உப்பு, காவிரித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம், அதிலிருந்து வியாபாரம், வியாபாரத்திலிருந்து நாணயம். பத்து நிமிஷத்தில் அந்தப் பையன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அஞ்சு வருஷம் ஒரு மாசம்கூடத் தவறலையா சார்? இந்த மாதிரி கஸ்டமரைத்தான் நாங்க தேடறோம். ஏதாவது பண்ணலாம். நான் பேசறேன்.”

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “நாம எதுக்கு வந்தோம்?”

“முறையா கேக்கச் சொன்னாங்கல்ல? முறையாத்தான கேட்டேன்.”

“நீங்க கேட்ட முறைக்கு அவன் கையிலேர்ந்து எடுத்துக் குடுத்துருவான் போலிருக்கு.”

அவர் ரோட்டைக் கடந்தார். அந்தப் பக்கம் போய் நின்றுதான் சொன்னார். “பாத்தியா, இன்னும் ஒருத்தன் என்னை நம்பறான்.”

அதற்கு மேல் நான் சண்டை போடவில்லை.

அந்த வங்கி மதிப்பீட்டுக்கு ஓர் இன்ஜினியரை அனுப்பியது. அவர் டேப்பைப் பிடித்து அளக்க, என் கணவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே வீட்டின் பெருமையைச் சொன்னார். சுவர் எத்தனை கனம், கோடையில் எவ்வளவு குளிர்ச்சி. மொட்டை மாடிக்கு வேறு கூட்டிப்போய்க் கோபுரத்தைக் காட்டினார். அடுப்படியில் ஒழுகும் இடத்தை நான்தான் காட்ட வேண்டியிருந்தது. “இங்கயும் பாருங்க சார், நல்லா எழுதிக்கோங்க” என்றேன். இன்ஜினியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் விற்கப் பார்க்கிறான், பெண்டாட்டி தடுக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

இன்ஜினியர் ரிப்போர்ட்டில் வீடு பாஸ். ஆனால் வங்கியின் வக்கீல் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, அடமானம் வைக்கத் தகுதியில்லாத சொத்து என்று எழுதிவிட்டார். அந்த அதிகாரியே போன் செய்து, “ஸாரி சார், நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்” என்றான். என் கணவர் அவனுக்கு ஆறுதல் சொன்னார். எங்களுக்கு வேண்டிய ‘இல்லை’ லெட்டரும் கைக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ரசம் வைத்து அப்பளம் பொரித்தேன். இரண்டு அப்பளத்துக்கு மேல் வேண்டாம் என்றார், அவர் ஐந்துக்குக் குறையாதவர்.

மூன்றாவதுதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. இந்த முறை வாயைத் திறக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் திறக்கவில்லை. திறக்கத் தேவையே இருக்கவில்லை.

“மனை கோயிலுதா? பரவால்ல மேடம். கட்டடம் இருக்கு, உங்க சம்பளம் இருக்கு. எவ்வளவு வேணும்?” என்றார் அங்கே இருந்தவர். அரை மணி நேரத்தில் லெட்டர் அடித்து நீட்டினார். கடன் தரச் சம்மதம்.

படியிறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கிடைத்தால் வாங்கிக் கட்ட வேண்டும் என்பதுதானே ஷரத்து. பஸ் ஸ்டாண்டில் நின்று லெட்டரை நாலாக மடித்தேன்.

“கிழிச்சுப் போட்டுட்டு வேற எங்கயாவது போலாம். இங்க வந்ததே யாருக்கும் தெரியாது” என்றேன். பிள்ளைகள் காப்பியடித்தால் பேப்பரைப் பிடுங்கி வெளியே நிறுத்துகிற டீச்சர் சொன்ன வார்த்தை இது.

என் கணவர் என் கையிலிருந்து லெட்டரை வாங்கி, நீவி, ஃபைலில் வைத்தார். “வேண்டாம்மா. ஆரம்பிச்சதைத்தான் ஒழுங்கா ஆரம்பிக்கல. முடிக்கிறதையாவது ஒழுங்கா முடிப்போம்.”

இருபது வருஷத்துக்கு மேல் அவருக்குப் புத்தி சொல்லியே பழகிவிட்டேன். அன்று பஸ்ஸில் சீட் கிடைத்தும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வக்கீலம்மா மூன்று லெட்டரையும் வரிசையாக வைத்துப் படித்தார். மூன்றாவதை இரண்டு தடவை படித்தார். கால்குலேட்டரை எடுத்தார். நான் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

“மாசத் தவணை நீங்க இப்பக் கட்டறதைவிட ஒண்ணரை மடங்கு. அதுவும் நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் வரைக்கும் கட்டணும்” என்றார். “ஷரத்தோட அடுத்த வரியை நீங்க படிக்கலையா? இப்பக் கட்டறதுக்கு மேல போகக் கூடாது, சம்பாத்தியம் இருக்கற காலத்துக்குள்ள முடியணும். இது கணக்குல வராதும்மா. ஏற்கத்தக்க கடன் கிடைக்கவில்லைன்னு எழுதிடறேன்.”

“அவன் தரேன்னுதானே எழுதியிருக்கான்?” என்றார் என் கணவர்.

“ஆமாங்க. அவன் ‘தரேன்’னு எழுதின லெட்டர்தான் உங்களுக்கு மூணாவது ‘இல்லை’.”

ஒளித்திருந்தால் நாலாவது இடம், ஐந்தாவது இடம் என்று இன்னும் எத்தனை மாதம் அலைந்திருப்போமோ.

கடன் கொடுத்த மூன்று பேரும் ஒப்புக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. கடன் தீர்ந்தது என்கிற முடிவுச் சான்று தயார் என்று போன் வந்ததும் ஸ்கூலில் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். ஒரே பக்கம். என் கணவர் மாடிப்படியிலேயே நின்று முழுக்கப் படித்தார். பிறகு என்னிடம் கொடுத்து, “சத்தமா படி” என்றார். மேலே ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் படித்தேன்.

கீழே இருந்த ஹோட்டலில் காபி சாப்பிட்டோம். பெண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். “அப்ப வீடு நம்மகிட்டயே இருக்காம்மா?” என்றாள். இருக்கிறது என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அடுப்படி ஒழுகறதை முதல்ல நான் பாத்துக்கறேன்” என்றாள்.

சர்வர் பில்லோடு வந்தபோது என் கணவர் அவரிடம், “இங்க என்ன தண்ணிங்க, போர் தண்ணியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.