சுசீலாபாய் யாருக்குப் போட்டார்?

கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு இறங்கும் வளைவில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்கிறார் சுசீலாபாய். களியக்காவிளையிலிருந்து கல்யாணமாகி வந்தவர். சின்ன வயதில் போலியோ வந்து கால்கள் போயின. குரல் மட்டும் பஸ் ஹாரன்!

தேர்தல் வந்தாலே அவருக்கு எரிச்சல். ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில் வாசல் முழுக்கப் படிகள். முந்தி வரும் கட்சிக்காரர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி ஏற்றுவார்கள். யார் தூக்கினார்களோ, அவர்களுக்குத்தான் ஓட்டு என்று ஊரே முடிவு கட்டிவிடும். போன தடவை ஆளுங்கட்சி ராஜையனின் ஆட்கள் தூக்கினார்கள். மறுநாள் முதல் எதிர்க்கட்சி வினீத்தின் கூட்டம் அவரிடம் சீட்டே வாங்கவில்லை.

"வாங்காட்டி போகட்டு. எனக்க ஓட்டு ரகசியமில்லியா? தூக்கிட்டு ஊர்வலம் போறதுக்கு நான் என்ன சாமியா?"

இந்தக் கோபத்தைக் கேட்டவர் ஷீஜா. மாற்றுத்திறனாளிகளின் ஓட்டுரிமைக்காக நாங்கள் நடத்தும் சின்னச் சங்கத்தின் செயலாளர்.

"சேச்சி, தூக்குறது அவங்க தயவு. சரிவுப் பாதை வைக்கணும்னு சட்டமே இருக்கு. அது நம்ம அவகாசம், உரிமை!"

அவ்வளவுதான். சீட்டு வாங்க வந்த எல்லோரிடமும் சரிவுப் பாதை கேட்டு எங்கள் சங்கம் எழுதிய மனுவை சுசீலாபாய் நீட்டினார். "சீட்டு அடிச்சாலும் அடிக்கும், அடிக்காமலும் போகும். இதுல கையெழுத்து போடு, எல்லாருக்கும் அடிக்கும்!" ராஜையனும் போட்டார், வினீத்தும் போட்டான். இந்த உள்ளாட்சித் தேர்தலுக்குள் பள்ளி வாசலில் சிமென்ட் சரிவு வந்துவிட்டது!

தேர்தலன்று காலை, சரிவின் இந்தப் பக்கம் ராஜையன், அந்தப் பக்கம் வினீத். இரண்டு பேருக்கும் பழக்கதோஷம்.

"சுசீலா, ஒரு கை பிடிக்கட்டா?"

"சேச்சி, ஞங்களும் ரெடி."

"எவனாவது தொட்டா, கை இருக்காது கேட்டியா!"

அவரே சக்கரத்தைத் தள்ளினார். பாதியில் மூச்சு வாங்கி நின்றார். நாற்காலி கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. இரண்டு கட்சியும் ஒன்றாகக் கை நீட்டியது. "ம்ம்!" என்று ஒரு அதட்டல், எல்லாக் கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மறுபடி தள்ளினார். ஏறிவிட்டார்! வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைதட்ட, ஷீஜா அழ, நானும் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

மை வைத்த விரலோடு வெளியே வந்தவரை இருவரும் மறித்தார்கள். "ஆருக்கு போட்ட?"

"மெஷின்கிட்ட போய்க் கேளு."

மறுநாள் காலையிலேயே ராஜையன் வந்து சீட்டு வாங்கிக் கண்ணடித்தார். "எனக்குத் தெரியும், நீ நம்ம ஆளு."

அவர் தலை மறைந்ததும் வினீத், கூட்டத்தோடு வந்து நின்றான். "சேச்சி நம்ம சைடு அல்லே?"

ராஜையனுக்குக் கொடுத்த அதே சிரிப்பை அவனுக்கும் கொடுத்தார் சுசீலாபாய். "பின்ன! உனக்கு எத்தன சீட்டு?"