கரியால் போட்ட பூட்ஸ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பது ஒரு காரணம். மாமாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது இன்னொன்று. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர் ஒருவர் மாமாவைக் காட்டி, "பூட்ஸ் வாங்க வக்கில்லாமதான் மாலை போட்டுகினான்" என்று சொல்லிச் சிரித்தார். அதே வரிசையில் மாமா தலைகுனிந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். வாக்குத் தவறிய பாவம் என்னோடு போகட்டும். விளக்கேற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. வேப்பம்பட்டில் எங்களோடுதான் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. கால்பந்தில் கோல் கீப்பர். பொங்கல் கழித்து லீக் ஆட்டங்கள் தொடங்கும். அதற்கு முன் மார்கழியில் ஒரு நாக்-அவுட் போட்டி நடக்கும். ஒரு ஆட்டம் தோற்றாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த வருஷம் அதில் கம்பெனிக்காக நன்றாக ஆடினால் லீக் அணியிலும் சேர்த்து வேலையையும் நிரந்தரமாக்குவதாகக் கம்பெனி அதிகாரி சொல்லியிருந்தார். அதற்காக அம்மா வேண்டிக்கொள்ளாத கோயில் இல்லை.

மாமா கார்த்திகை முதல் தேதியே சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார். மலைக்குப் போய் வரும்வரை காலில் செருப்புக்கூடக் கிடையாது. எதிரில் வருகிறவர் எல்லாரும் அவருக்குச் சாமி, எனக்கும் அதே பட்டம்தான். கோலில் நின்றுகொண்டு, லெப்டில் ஆள் வருகிறான் சாமி என்று அவர் கத்தும்போது எதிரணிக்காரர்களே சிரித்துவிடுவார்கள்.

ஆட்டத்தன்று காலை அவருடைய கறுப்புத் துண்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அடியில் செய்தித்தாள் சுற்றிய புது பூட்ஸ். மாமா பார்த்துவிட்டார்.

"லீக்குக்கு வாங்கினது சாமி. யாராச்சும் கேட்டா பொய் சொல்லாத. நீயா ஒண்ணும் சொல்லாத."

சரி என்றேன். அப்போது எனக்குப் பத்து வயது.

மைதானத்தில்தான் தெரிந்தது, இந்த வருஷம் முதல் பூட்ஸ் கட்டாயமாம். மற்றவர்கள் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். எதிரணி கேப்டன், "மலைக்கு வழி இப்பிடி இல்லியே சாமி, திருப்பி அனுப்புங்கப்பா" என்றான். அதிகாரி, ஒன்றரை மணி நேரம்தானே, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஆடு, முடிந்ததும் மாட்டிக்கொள் என்று நல்ல மனதோடுதான் சொன்னார்.

"மாட்டிக் கழட்ட இது இன்னா சட்டையா சாமி?" என்றார் மாமா.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. டீக்கடைக்கு ஓடிப் பாத்திரத்தின் அடிக்கரியைச் சுரண்டி வந்து அவர் காலில் கணுக்கால்வரை பூசினேன். மைதானத்தில் கோடு போட வைத்திருந்த வெள்ளைத்தூளால், கோலம் போடுகிற மாதிரி, லேஸும் போட்டேன். நடுவர் குனிந்து பார்த்தார்.

"இது இன்னாப்பா?"

"பூட்ஸ் சாமி."

அவர் சிரிக்கவில்லை. திரும்பிப்போய் விசில் ஊதினார்.

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று எங்கள் அணி முன்னால் நின்றது. கடைசியில் எதிரணிக்குப் பெனால்ட்டி. மாமா வலப்பக்கம் விழுந்தார், பந்து நடுவில் வந்தது. நீட்டிக் கிடந்த காலில் பட்டு வெளியே போனது. பந்தில் கறுப்புப் பாதமும் வெள்ளைக் கோடும் அப்படியே பதிந்திருந்தன. நடுவர் தம் கைக்குட்டையால் அதைத் துடைத்தார்.

மறுநாள் அதிகாரி மாமாவைக் கூப்பிட்டு ஒரு ஜோடி பூட்ஸ் கொடுத்தார். அடுத்த ஆட்டத்துக்கு இதோடு வா, நிரந்தர வேலைக்கு ஆர்டர் தயார் என்றாராம். மாமா கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மலைக்குப் போக இன்னும் பத்தே நாள். அடுத்த ஆட்டத்தில் அவரை இறக்கவில்லை, அணி தோற்றது. மலையிலிருந்து வந்து பார்த்தால் காண்ட்ராக்டும் இல்லை. பிறகு பாடிப் பக்கம் போய் லாரிக்கு லோடு ஏற்றினார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அதிகாரி கொடுத்த பூட்ஸ் மாமாவுக்கு அளவு சரியாக இருந்திருக்காது என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன். சொந்தப் பூட்ஸ் பெட்டியில் கிடக்க, ஏன் என்னைக் கரி பூசவிட்டார் என்று கேட்கவும் தோன்றவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம், என் மாமாவைப் பெரிய மகானாக்கவும் வேண்டாம். பெட்டியில் பூட்ஸ் இருந்தது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.