காவினுக்கு நாற்பது நாள்

எங்கள் சாய்ந்தமருதில் குடிக்கிறவர் என்று ஒருவரும் இல்லை. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். கல்முனையில் தமிழ் ஆட்கள் இருக்கிற பக்கத்துத் தவறணைக்குப் பின்னேரம் போய்ப் பார்த்தால், சாராயம் வாங்க நிற்கிறவர்களில் இரண்டு மூன்று பேர் மட்டும் ஹெல்மட்டைக் கழற்றாமல் நிற்பார்கள். அவர்களில் ஒருவன் நான். முகத்தை மறைத்துவிட்டோம் என்ற நினைப்பில் இருபத்திரண்டு வருடம் அப்படியே வாங்கினேன். ஹெல்மட்டோடு நிற்கிறவன்தான் முஸ்லிம் என்று போத்தல் எடுத்துக் கொடுக்கிற மனிதருக்கு முதல் நாளே விளங்கியிருக்கும். எனக்கு அது விளங்க இவ்வளவு காலம் எடுத்தது.

நான் படகு இஞ்சின் திருத்துகிறவன். சாய்ந்தமருதிலிருந்து பெரியநீலாவணை வரைக்கும் கடற்கரையில் எந்த இஞ்சின் நின்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். வேலை முடிந்து திரும்பும் வழியில் கல்முனை வரும், கல்முனையில் தவறணை வரும். கால் போத்தல் வாங்கி, கடற்கரைத் தாழைப் பற்றைக்குள் நின்று இரண்டு மடக்கில் குடித்துவிட்டு, கராம்பு மென்று, சட்டையில் அத்தர் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். மனைவி ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. அத்தர் மணத்தோடு நான் போகிற நாட்களில் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அத்தர் இல்லாத நாளில் பக்கத்தில் இருந்து பரிமாறுவாள். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த கதை.

குடியை விடுவது எனக்குப் பெரிய காரியமில்லை என்று நான் நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. வருடம் தவறாமல் முப்பது நோன்பும் பிடிக்கிறவன் நான். அந்த மாதம் முழுக்க ஒரு சொட்டும் தொடமாட்டேன். முதல் நாலு நாள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண்ணை மூடினால் யாரோ கூப்பிடுவது போலிருக்கும். நோன்புக் களைப்பு என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்வேன். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் ஹெல்மட்டோடு போய் நிற்பேன். நினைத்தால் நிறுத்துகிறவன், நினைத்தால் தொடங்குகிறவன், அப்படிப்பட்டவன் குடிகாரனாக முடியுமா என்பது என் கணக்கு. இந்தக் கணக்கை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள், நானும் கொஞ்சம் முன்னதாகவே விழித்திருப்பேன்.

பிறகு மகளுக்குச் சம்பந்தம் சரிவந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். நானும் அப்படி மனைவியின் வீட்டுக்கு வந்தவன். இப்போது அந்த வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, நாங்கள் இருவரும் இருக்கப் பின்பக்கம் ஓர் அறை கட்டினோம். ஒரு நாள் அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். அதிகம் கதைக்க மாட்டாள்.

“வாப்பா, காவினுக்கு நீங்கதான் வொலியா நிக்கணும். ஒழுங்கா நிக்கணும்.”

காவின் என்கிற கலியாண ஒப்பந்தம் எழுதும்போது பெண்ணின் தகப்பன் வொலியாக, அதாவது அவளுடைய பொறுப்பாளியாக இருந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். சபையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் ‘ஒழுங்கா’ என்று சொன்னது அதற்கு மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். வொலியாக நிற்கிறவன் நன்னடத்தை உள்ளவனாக இருக்க வேண்டும், குடிகாரன் நின்று கொடுத்தால் அந்தக் காவினே செல்லுமா என்பது சந்தேகம் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். மகள் அதை என்னைவிட நன்றாக ஓதியவள். ஓம் மகள் என்றேன். அவள் போன பிறகு வாளிக்குள் கிடந்த தூரிகையை எடுக்கக் கை வரவில்லை.

குடித்தவனின் தொழுகை நாற்பது நாளைக்கு ஏற்றுக்கொள்ளப்படாது என்றும் கேட்டு வளர்ந்தவன் நான். காவினுக்கு இன்னும் நாற்பத்து மூன்று நாள் இருந்தது. மூன்று நாள் போக மிச்சம் நாற்பதும் சுத்தமாக இருந்தால் சரி என்று தீர்மானித்தேன். அந்த மூன்று நாளும் என்ன செய்தேன் என்று கேட்க வேண்டாம்.

முதல் கிழமை செத்துப் பிழைத்தேன். நோன்பு மாதத்தில் ஊரே களைத்துக் கிடக்கும், அதற்குள் என் நடுக்கமும் ஒளிந்துகொள்ளும். சாதாரண மாதத்தில் நடுக்கத்துக்கு என்ன பெயர் சொல்வது? அதனால் கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு என்று திங்களும் வியாழனும் நோன்பு பிடிக்கத் தொடங்கினேன். அது பிழையாகப் போனது. ஆட்கள் என்னை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். மகளின் கலியாணம் ஆளை நேர்வழிக்குக் கொண்டுவந்துவிட்டது என்று மனைவியின் சொந்தக்காரர்கள் கதைத்தார்கள். பள்ளிவாசலில் முதல் வரிசையில் இடம் ஒதுக்கித் தந்தார்கள். அந்த வரிசையில் தோளோடு தோள் நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு என் கை ஆடுவது தெரியுமோ என்று பயந்து விரல்களை இறுக்கி வைத்துக்கொள்வேன். ஓதுவதில் ஒரு சொல்லும் மனதில் ஏறாது.

இருபத்தேழாம் நாள் பெரியநீலாவணையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே எனக்கு ஒரு கூட்டாளி, சொந்தமாகப் படகு வைத்திருக்கிற தமிழ் மனிதர். எத்தனையோ பின்னேரங்கள் ஒன்றாகக் குடித்திருக்கிறோம். நான் விட்டுவிட்டேன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் என் முன்னால் போத்தலை எடுத்ததில்லை. அன்றைக்கும் இளநீர்தான் வெட்டித் தந்தார். மூன்று பேர் பார்த்துக் கைவிட்ட இஞ்சின் அது. முழுதாகக் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டி, கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் எடுத்தது. நெருப்புக்குச்சித் தலை அளவு ஆணிகளைக்கூட என் விரல்கள் ஆடாமல் பூட்டியிருந்தன. எத்தனை வருடத்துக்குப் பிறகு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கவலையில் குடிப்பார்கள் என்று சொல்வார்கள். நான் அன்றைக்குக் குடித்தது சந்தோசத்தில். கை நின்றுவிட்டது, நான் சரியாகிவிட்டேன், சரியான மனிதன் ஒரு நாள் குடித்தால் என்ன என்று கல்முனை வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். தாழைப் பற்றைக்குள் நின்று முதல் மடக்கை விழுங்கிய பிறகுதான் இன்றைக்கு இருபத்தேழு என்று ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த பிறகும் இரண்டாவது மடக்கைக் குடித்தேன். அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

இனி நாற்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மீதி பதின்மூன்று நாள். வாயை மூடிக்கொண்டு நின்று மகளைக் கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் படுத்தால் நித்திரை இல்லை. அவள் பிள்ளை பெறுவாள், அந்தப் பிள்ளை வளரும், எல்லாவற்றுக்கும் அடியில் நான் பிடித்துக் கொடுத்த கை இருக்கும். செல்லாத காவின் என்றால்?

எங்கள் ஊர் மௌலவியிடம் கேட்க முகமில்லை. அக்கரைப்பற்றுக்குப் போய், என்னைத் தெரியாத ஒரு மௌலவியிடம், எனக்குத் தெரிந்த ஒருவர் என்று தொடங்கிக் கதையைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மடியிலிருந்த என் கையைப் பார்த்தார். காவின் எழுதுவதற்கு முன்னால் எல்லாரையும் தவ்பா சொல்லி அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்க வைப்பது வழக்கம்தானே, அந்த ஆள் அதை மனதார உண்மையாகச் சொன்னால் போதும், பிறகு தாராளமாக நிற்கலாம் என்றார். எனக்கு மூச்சு வந்தது. எழும்பப் போனேன்.

“ஆனா இனித் திரும்ப மாட்டன் எண்டு அவருக்கு உள்ளுக்குத் தெரியணும்,” என்றார். “அது இல்லாட்டி அது வெறும் வாய்ச்சொல்லுதான்.”

திரும்பும் வழி முழுக்க அதையே எனக்குள் தேடிக்கொண்டு வந்தேன். திரும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியுமா? இருபத்தேழு நாள் இருந்தவன் இரண்டு மடக்குக்கு விழுந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் கல்முனை, தவறணை திறந்திருக்கும் என்பதுதான். அன்றைக்கு அந்தப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்குத் திரும்பினேன்.

வீட்டில் மனைவியிடம் முதலில் சொன்னேன். அவள் நெல் புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள். தனக்கு அன்றைக்கே தெரியும் என்றாள். பிறகு, “இஞ்சாருங்க, எனக்குச் செல்லி என்ன? அவளுக்குச் செல்லுங்க,” என்றாள்.

மகள் முன்னறையில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இஞ்சின் எடுத்தது, சந்தோசம், இருபத்தேழாம் நாள், அக்கரைப்பற்று மௌலவி, ஒன்றையும் விடவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் பிள்ளையின் மனம் இளகும், இல்ல வாப்பா, நீங்களே நில்லுங்க என்பாள் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். சொல்லி முடித்துவிட்டு அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

அவள் சிவப்புப் பேனையை மூடினாள்.

“சாச்சா நிக்கட்டும் வாப்பா.”

சாச்சா என்றது என் தம்பியை. சம்மாந்துறையில் கலியாணம் முடித்து அங்கேயே வயல் செய்கிறவர். எனக்குச் சுள்ளென்று ஏறியது. நான் உயிரோடு இருக்கும்போது என் தம்பி என் மகளைக் கொடுப்பதா? ஊர் கேட்டால் என்ன சொல்வது என்று குரலை உயர்த்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

“ஊருக்கு என்ன வேணுமெண்டாலும் செல்லுங்க. எனக்குப் பயமா இரிக்கி வாப்பா. காலம் பூரா இந்தக் காவின் செல்லுபடியாகுமா இல்லையா எண்டு யோசிச்சிக்கிட்டு எனக்கு வாழ ஏலா.”

நான் இத்தனை நாளும் பயந்த அதே பயம். அது எனக்குள்ளே மட்டும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவளும் அதைச் சுமந்துகொண்டு பிள்ளைகளின் கொப்பி திருத்தியிருக்கிறாள், எனக்குத் தேநீர் ஊற்றித் தந்திருக்கிறாள். என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாள் நானே சம்மாந்துறைக்குப் போய்த் தம்பியிடம் கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. அது இன்னும் சுட்டது.

காவின் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் எல்லாரும் கூடினார்கள். நான் ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். பிரஷர், டாக்டர் ஆளைப் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார் என்று. தம்பி போய் மாப்பிள்ளைக்கு முன்னால் இருந்ததும் மாப்பிள்ளையின் மாமா சபைக்குக் கேட்கும்படி கேட்டார், தகப்பன் இருக்கும்போது ஏன் சாச்சா என்று. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிரஷர் என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது.

“எனக்கு நிக்கிற தகுதி இல்ல. தம்பி நிக்கட்டும்,” என்றேன்.

அதற்கு மேல் விளக்கம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. ஹெல்மட்டுக்குள் இருபத்திரண்டு வருடம் ஒளித்த முகத்தை அன்றைக்கு ஊரே பார்த்தது. எழும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. மௌலவி எல்லாரையும் தவ்பா சொல்லச் சொன்னார். அந்தச் சபையில் என் தவ்பாவை நம்பி எதுவும் இருக்கவில்லை, நான் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் காவின் செல்லும். நான் சொன்னேன். திரும்ப மாட்டேன் என்று எனக்கு அப்போதும் தெரியாது. திரும்பிவிடுவேனோ என்ற பயம்தான் இருந்தது. அந்தப் பயத்தோடேயே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். தம்பி மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபோது நான் என் கையைப் பார்க்கவில்லை.

இப்போது மகளும் மருமகனும் முன்வீட்டில், நாங்கள் பின்னறையில். நான் நாள் எண்ணுவதில்லை. எண்ணினால் ஏதாவதொரு எண்ணில் வந்து சந்தோசப்பட்டுவிடுவேன். பெரியநீலாவணைக்கு இப்போதும் வேலைக்குப் போகிறேன், கல்முனை இப்போதும் வழியில்தான் இருக்கிறது. நான் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டால் மகள் எந்த வேலையிலிருந்தாலும் வாசலுக்கு வருவாள். வேலை எப்படி, சாப்பிட்டீர்களா என்று ஏதாவது கேட்பாள். அவள் என்னத்துக்கு வருகிறாள் என்று எனக்குத் தெரியும். நான் ஒதுங்கிப் போவதில்லை. கிட்டப் போய், மூச்சை அடக்காமல், அவளுடைய கேள்விக்கெல்லாம் வாய் திறந்து பதில் சொல்லிக்கொண்டு, அவள் உள்ளே போகும்வரை நிற்கிறேன்.