பெரிய பெட்டிக்குப் பெரிய கேபிள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மறைத்துப் பிரயோசனமில்லை, எங்கள் அடுக்ககத்துக்கே தெரியும். நாற்பது தாண்டியபின் கிடார் கற்றுக்கொண்டதும் தெரியும். ஆனால் நான் வாசித்து யாரும் கேட்டதில்லை. ஆரம்பத்தில் ஒரே ஒரு நாள் சின்ன ஸ்பீக்கரில் சத்தமாக வாசித்தேன். "ஆத்துல பாத்திரமெல்லாம் அதிர்றது" என்று கீழ்வீட்டு மாமி சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஹெட்ஃபோன்தான். வருஷக்கணக்காக என் சங்கீதம் என் இரண்டு காதுக்குள்ளேயே குடித்தனம் செய்தது. பக்கத்திலேயே பேப்பர் படிக்கும் என் கணவருக்குக்கூட வெறும் கம்பி கொசு மாதிரி முனகுவதுதான் கேட்கும்.

போன நவராத்திரிக்கு ஒரு வழி பிறந்தது. மயிலாப்பூரில் எத்தனையோ அடுக்ககங்களைப் போல எங்களுடையதிலும் கீழ்க்கூடத்தில் பொதுக் கொலு உண்டு. தினம் ஒரு வீட்டார் பாட வேண்டும், இல்லையென்றால் ஏதாவது வாசிக்க வேண்டும். என் முறை வந்தபோது கிடார் என்றேன். சங்கச் செயலாளர் தலையைச் சொறிந்தார்.

"வாசிங்கோ, வேண்டாங்கலை. யாரும் குறை சொல்லலைன்னா ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கூடத்தை உங்களுக்கே விட்டுடறோம். யாராவது ஆட்சேபிச்சா மறுபடி ஹெட்ஃபோன்தான். அப்புறம் இந்தப் பேச்சே கூடாது."

யாராவதாம்! அந்த யாராவது யார் என்று எனக்குத் தெரியாதா?

கூடத்தில் வாசிக்க நான் நம்பியிருந்த ஆம்ப்ளிஃபயர் என் அக்கா பிள்ளையுடையது. கனடா போகும்போது என்னிடம் விட்டுப்போனான். பழைய ரேடியோ மாதிரி வால்வு வைத்தது. வால்வும் குமிழ்களும் ஒரு பெட்டியில், ஸ்பீக்கர் இன்னொரு பெட்டியில், இரண்டையும் இணைக்க ஒரு கேபிள். "சித்தி, ஸ்பீக்கர் சரியா மாட்டாம ஆன் பண்ணிடாதே, உள்ள எரிஞ்சுடும்" என்று ஏர்போர்ட் வாசலில்கூடச் சொன்னான்.

என் முறை வந்த அன்று மத்தியானம் என் கணவரும் வாட்ச்மேனும் பெட்டிகளைக் கீழே இறக்கினார்கள்.

"இன்னா மேடம், உள்ள கல்லா கீது?" என்றார் வாட்ச்மேன்.

பெட்டிகளை இணைக்கும் வேலையை என் கணவர் தானே எடுத்துக்கொண்டார். எனக்குத் தெரியாமல் தி.நகர் வாத்தியக் கடைக்குப் போய், இருப்பதிலேயே உசத்தியான கிடார் கேபிள் வாங்கி வந்திருந்தார். விரல் பருமன், நீலப் பின்னல், முனையில் தங்கப் பூச்சு. சம்பந்திக்கு வெள்ளித் தட்டு வைப்பது போல, இருப்பதிலேயே பெரிய பெட்டியான ஸ்பீக்கருக்கு அதை மாட்டினார்.

"பழசு எங்கே?" என்றேன்.

"அந்தக் கறுப்பா? பஞ்சத்துல அடிபட்டது மாதிரி இருந்தது. பொம்மை வெச்ச டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு இல்லியே, அதைச் சுத்திக் கட்டிப் பரண்ல போட்டுட்டேன்."

முனை இரண்டு துளையிலும் கச்சிதமாகப் பொருந்தியது. நானும் சரியென்று ஒத்திகைக்காக ஸ்விட்சைப் போட்டேன். வாசிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நாதம் சுருங்கியது. குமிழைத் திருகினால் இன்னும் சோர்ந்தது. கூடத்தைத் திட்டினேன், பிளக்கைத் திட்டினேன், கடைசியில் கேபிளைத் தொட்டேன்.

"ஏன்னா, இது ஏன் சுடறது?"

"வெளில வெயில் கொளுத்தறதே."

"கூடத்துக்குள்ள ஏதுன்னா வெயில்!"

அக்கா பிள்ளை சொன்னது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பாய்ந்து போய் அணைத்தேன். பெட்டி எரிந்தால் இன்று மாலையும் போச்சு, ஞாயிற்றுக்கிழமைகளும் போச்சு.

முனையின் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்ளே பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அத்தனை பருமனும் ரப்பரும் வலையும்தான். நடுவில் தலைமயிர் போல ஒரு செம்புக் கம்பி. கேபிள் டிவி ஒயர் இப்படித்தான் இருக்கும். ஆனால் எங்கள் கீஸர் ஒயரில் தடித்த கம்பிகள் இருக்கும், ஒரு தரம் மெல்லிசாகப் போட்டு உருகிப்போனபின் மாற்றியது. எனக்கு விளங்கிவிட்டது. கிடாரிலிருந்து வருவது சின்ன முனகல், வெளி இரைச்சல் புகாமல் வலை அதைப் பொத்திக் கொண்டுவருகிறது. ஸ்பீக்கருக்குப் போவது அப்படியா? முழு பலம். அதை மயிரிழை எப்படித் தாங்கும்?

இரண்டு மாடி ஏறி ஓடினோம். மனுஷர் டிரங்குப் பெட்டிக்குப் போட்டிருந்தது பிரம்ம முடிச்சு.

"கத்தியால வெட்டிடட்டுமா?"

"வெட்டினேளோ, உங்களை வெட்டுவேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தோம். அந்தக் கறுப்புக் கேபிளின் மூடிக்குள் இரண்டு கம்பிகள், இரண்டும் ஒரே தடிமன், வலை இல்லை. சரம் மாதிரி திரண்டிருந்தன. இதுதான்.

என் கணவரின் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் வாங்கினது தண்டமா?"

"கிடார் கேபிள்னு கேட்டேள், கிடார் கேபிள்தானே குடுத்திருக்கான். கிடார்லேந்து பெட்டிக்குப் போடுங்கோ."

போட்டார். கறுப்பு ஸ்பீக்கருக்குப் போனது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். எரியவில்லை. என் பழைய கிடார் கேபிளில் எப்போதும் வரும் கரகரப்பும் காணோம். கம்பியை இழுத்து விட்டேன், ஸ்வரம் தளராமல் நின்றது. என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாளா இதையா காதுக்குள்ள வெச்சிண்டிருந்தே?" என்றார்.

மாலையில் ஹிந்தோளம் வாசித்தேன். முன்வரிசையில் சுண்டல் தொன்னையோடு மாமி. அந்தப் பக்கமே நான் திரும்பவில்லை. என் நாதம் சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. அழுகை வந்துவிட்டது. வரட்டும் என்று வாசித்தேன். கைதட்டல் அடங்கியதும் செயலாளர் எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இவா இங்க வாசிக்கறதுல யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

மாமி கையைத் தூக்கினார்.

"எனக்கு உண்டு. நான் மத்தியானம் படுத்து எழுந்துக்கவே நாலரை ஆயிடும்" என்றார் மாமி. "அஞ்சு மணிக்கு வெச்சுக்கச் சொல்லுங்கோ."